பட்ட விரட்டி: அமீர் ஏன் அந்தக் கைக்கடிகாரத்தை ஒளித்து வைத்தான்?

கேள்வி

காலித் ஹுசைனி ஆங்கிலத்தில் எழுதி 2003ஆம் ஆண்டில் வெளிவந்த நாவலைத் தமிழில் ‘பட்ட விரட்டி’ என்ற பெயரில் நம்மில் பலர் படித்திருப்போம். எங்கள் வாசகர் வட்டத்தில் அண்மையில் அதை எடுத்துக்கொண்டு பேசியபோது, ஓர் இடத்தைத் தாண்டி விவாதம் நகரவே இல்லை. அந்த இடத்தைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காபூலில் பட்டப்போட்டி நடக்கிறது. பன்னிரண்டு வயது அமீர் வெற்றி பெறுகிறான். கடைசியாக அறுந்து விழுந்த நீலப் பட்டத்தை அவனுக்காக எடுத்துவர ஓடிய, வீட்டு வேலைக்காரர் அலியின் மகனாக வளரும் ஹசன், ஒரு சந்தில் ஆசெஃபிடமும் அவன் கூட்டாளிகளிடமும் சிக்கி வன்கொடுமைக்கு ஆளாகிறான். சந்தின் முனையில் நின்று அதைப் பார்த்துவிட்ட அமீர், குரல் கொடுக்காமல் ஓடிவிடுகிறான். இதுவரை எங்களில் யாருக்கும் ஐயமில்லை. பயந்த ஒரு சிறுவன் ஓடுவான், ஓடியதை எண்ணி வாழ்நாளெல்லாம் மருகுவான்.

அதன்பின் நடப்பதுதான் சிக்கல். சில மாதங்கள் கழித்துத் தன் பிறந்தநாளுக்குத் தந்தை கொடுத்த கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் ஹசனின் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு, காணாமல் போனதாகத் தந்தையிடம் அமீர் சொல்கிறான். குற்றவுணர்வு உள்ளவன் பாதிக்கப்பட்டவனிடம் கூடுதல் பரிவோடு அல்லவா நடந்துகொள்வான், இப்படிச் செய்பவனுக்குக் குற்றவுணர்வு இருந்ததென்று எப்படி நம்புவது என்று வட்டத்தில் பாதிப் பேர் கேட்டார்கள். கதையை நகர்த்துவதற்காக ஆசிரியர் செய்த ஏற்பாடு இது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியென்று படவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெளிவாக விடை சொல்லவும் இயலவில்லை. அந்தப் பழைய குற்றம் அமீர் என்ற மனிதனை உண்மையிலேயே எப்படி வடிவமைக்கிறது?

மறுமொழி 1

உங்கள் நண்பர்களின் கேள்வி நல்ல கேள்வி. நாவலின் உயிர் அந்த இரண்டாவது துரோகத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சந்தில் அமீர் செய்தது ஒரு செய்யாமை. மெத்தைக்கு அடியில் கடிகாரத்தை வைத்தது யோசித்துச் செய்த செயல். முதலாவது அவனுடைய கோழைத்தனத்தைக் காட்டுகிறது. இரண்டாவதுதான் குற்றவுணர்வு அவனுக்குள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைக் காட்டுகிறது.

சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். அமீரின் தந்தையான பாபா, தன் மகனைப் பற்றி நண்பர் ரஹீம் கானிடம் பேசுவதை அமீர் ஒட்டுக்கேட்கும் காட்சி ஒன்று தொடக்கத்திலேயே வருகிறது. தனக்காக எழுந்து நிற்கத் தெரியாத பையன் வளர்ந்தபின் எதற்கும் எழுந்து நிற்க மாட்டான் என்று தந்தை கவலைப்படுகிறார். அந்தத் தந்தையின் அன்பைப் பெற அமீர் கண்ட ஒரே வழி பட்டப்போட்டி. நீலப் பட்டம் கையில் இருந்தால்தான் வெற்றி முழுமையாகும். ஆகவே சந்தின் முனையில் அவன் நின்றபோது, ஒரு பக்கம் ஹசனும் மறுபக்கம் சுவரில் சாய்ந்துகிடந்த அந்தப் பட்டமும் அவன் கண்ணில் பட்டன. பயந்து ஓடினேன் என்று சொல்லிவிட்டு, அது மட்டும் காரணமல்ல, பாபாவை வெல்ல நான் கொடுக்கவேண்டியிருந்த விலை ஹசன் என்று கதைசொல்லியான அமீரே பிறகு ஒப்புக்கொள்கிறான். அன்று மாலை தந்தை அவனை அணைத்துக்கொள்கிறார். அந்த அணைப்புக்குள் தான் செய்ததை மறந்திருந்ததாகவும் அவன் சொல்கிறான். இனி அந்த அணைப்பை நினைக்கும்போதெல்லாம் சந்தையும் நினைக்கவேண்டியிருக்கும். அவன் வாழ்நாளில் மிகவும் விரும்பிய ஒன்று அவனுக்குக் கிடைத்த கணத்திலேயே கறைபட்டுவிட்டது.

அடுத்து ஜலாலாபாத் பயணம். உறவினர்கள் வரிசையாகப் படுத்துறங்கும் இரவில், தான் பார்த்ததை அமீர் இருட்டில் வாய்விட்டுச் சொல்கிறான். யாராவது விழித்துக் கேட்டுவிட மாட்டார்களா என்று மனத்தின் ஒரு பகுதி ஏங்குகிறது. ஒருவரும் விழிக்கவில்லை. அன்று முதல் அவனுக்குத் தூக்கம் கெடுகிறது. தன்னை யாரேனும் பிடித்துக் குற்றவாளி என்று சொல்லிவிடவேண்டும் என்பது அவனுடைய தேவை. பரிவு காட்டுவதற்கான மனநிலை இதுவல்ல என்பதை உங்கள் நண்பர்கள் கவனிக்கவேண்டும். பரிவு காட்டுவதற்கு ஹசனின் முகத்தைப் பார்க்கவேண்டும். அமீரால் முடியாதது அதுதான்.

மாதுளைக் காட்சியை வைத்து இதைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். குன்றின் மேல் ஹசனை அழைத்துச் சென்று, பழுத்த மாதுளைகளை அவன் மேல் ஒன்றன்பின் ஒன்றாக அமீர் எறிகிறான். திருப்பி அடி, திருப்பி அடி என்று கத்துகிறான். சட்டையெல்லாம் சிவப்புச் சாறு வழிய நிற்கும் ஹசன் இறுதியில் ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே அடித்து நசுக்கிக்கொண்டு, இப்போது மனம் ஆறியதா என்று கேட்டுவிட்டுக் குன்றிலிருந்து இறங்கிப் போய்விடுகிறான். அடி வாங்க வந்தவனுக்கு அடி கிடைக்கவில்லை. தண்டிக்க மறுக்கும் ஒருவனோடு ஒரே வளாகத்தில் வாழ்வது, தண்டனையை எதிர்பார்க்கும் சிறுவனுக்குத் தாங்க முடியாத ஒன்று. தினமும் காலையில் இஸ்திரி போட்ட உடையும் சிற்றுண்டியும் தயாராக இருக்கும். அவற்றை ஆயத்தம் செய்தவன் கண்ணில் படாமல் இருந்தாலும், அவன் செய்துவைத்த வேலை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

அப்போதும் அமீர் நேராகச் சூழ்ச்சிக்குப் போய்விடவில்லை. தந்தையோடு தோட்டத்தில் செடி நடும்போது, வேறு வேலையாட்களை வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்க்கிறான். பாபா கடுங்கோபம் கொள்கிறார். ஹசன் எங்கும் போகமாட்டான் என்று முடித்துவிடுகிறார். அந்த வழி அடைபட்டதால்தான் களவுப் பழி என்ற வழி அவனுக்குத் தோன்றுகிறது. ஏன் களவு? உலகில் ஒரே பாவம்தான் உண்டு, அது திருட்டு, மற்றவை யாவும் அதன் வடிவங்களே என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாபா. தந்தையால் மன்னிக்கவே முடியாதது எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து ஹசனின் மெத்தைக்கு அடியில் வைக்கிறான். ஒரு சிறுவனின் புத்தி இவ்வளவு துல்லியமாக வேலை செய்வதுதான் என்னை நடுங்கவைக்கிறது.

ஹசன் திருடியதாக ஒப்புக்கொள்ளும்போது, தன்னைச் சந்தின் முனையில் அவன் பார்த்திருக்கிறான், எல்லாம் தெரிந்தே கடைசியாக ஒருமுறை தன்னைக் காப்பாற்றுகிறான் என்பது அமீருக்கு விளங்குகிறது. பாபாவோ, யாரும் எதிர்பாராதபடி, மன்னித்துவிட்டேன் என்கிறார். திருட்டை மன்னிக்கவே மாட்டார் என்ற கணக்கும் பொய்த்துவிட்டது. அப்படியிருந்தும் அலியும் ஹசனும் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார்கள். அமீர் கேட்டது கிடைத்துவிட்டது. குற்றவுணர்வு மனிதனை நல்லவனாக்கும் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். வெளியே சொல்லப்படாத குற்றவுணர்வு முதலில் தேடுவது சாட்சியை அப்புறப்படுத்தும் வழியைத்தான். இந்த உண்மையை ஹுசைனி கண்ணிமைக்காமல் எழுதியிருக்கிறார். இதை வெறும் ஏற்பாடு என்று ஒதுக்குவது நியாயமில்லை.

மறுமொழி 2

முன்னவர் எழுதியதில் உளவியல் பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதை ஒரு சிறுவனின் மனத்துக்குள் மட்டும் நடப்பதாகப் படித்தால் நாவலின் பாதி கையைவிட்டுப் போய்விடும்.

அமீர் ஆப்கானிஸ்தானின் ஆதிக்க இனமான பஷ்தூன், ஹசன் ஒடுக்கப்பட்ட சிறுபான்மை இனமான ஹசாரா. அமீர் பெரிய வீட்டில் உறங்குகிறான். ஹசன் தோட்டத்தின் கோடியில் உள்ள மண்குடிசையில் உறங்குகிறான். ஒருவன் பள்ளிக்குப் போகிறான், மற்றவனுக்கு எழுத்தே தெரியாது. கதை படித்துக் காட்டும்போது ஹசனுக்குத் தெரியாத சொற்களுக்குத் தவறான பொருளைச் சொல்லி அமீர் மகிழ்வது சந்துக்கு வெகு முன்னரே நடந்துவிடுகிறது. சந்தில் நின்றபோது அவன் மனத்தில் ஓடிய அந்த வாக்கியத்தை மறந்துவிடக் கூடாது: அவன் வெறும் ஹசாராதானே. அந்த வாக்கியத்தை அமீர் தானாக உண்டாக்கவில்லை. 1890களில் ஆப்கானிய மன்னர் அப்துர் ரஹ்மான் கானின் ஆட்சியில் ஹசாராக்களின் கிளர்ச்சி நசுக்கப்பட்டு, ஏராளமானோர் கொல்லப்பட்டு, அடிமைகளாக விற்கப்பட்டு, நிலங்களிலிருந்து துரத்தப்பட்ட வரலாறு அதற்குப் பின்னால் நிற்கிறது. 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீபைத் தாலிபான்கள் கைப்பற்றியபோது ஹசாராக்களைத் தேடித் தேடிக் கொன்றது அதே வரலாற்றின் தொடர்ச்சி. ஓடிப்போன சிறுவனுக்கு ஒரு காரணம் தயாராக வைத்திருந்தது அவன் சமூகம். அவன் அதை எடுத்துக்கொண்டான், அவ்வளவே.

என் மனக்குறையும் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஹசன் அமீரின் தந்தைக்கே பிறந்தவன், அவனுடைய சகோதரன் என்ற உண்மையை 2001இல் பெஷாவரில் ரஹீம் கான் சொல்கிறார். அதன்பிறகுதான் ஹசனின் மகனை மீட்க அமீர் காபூலுக்குப் போகச் சம்மதிக்கிறான். ஹசன் அலியின் மகனாகவே இருந்திருந்தால், வேலைக்காரரின் மகனாக, வேறு இனத்தவனாக மட்டுமே இருந்திருந்தால், அமீருக்குக் கடன் இல்லையா? இரத்த உறவைக் கொண்டுவந்து நிறுத்தியதன்மூலம், மிகக் கடினமாக எழுந்திருக்கவேண்டிய அறக் கேள்வியை ஆசிரியர் சற்று இளக்கிவிட்டார் என்றே கருதுகிறேன்.

இன்னொன்று. ஹசன் எந்த இடத்திலும் கோபப்படுவதில்லை. கடைசிக் கடிதத்தில்கூட அமீரின் நலத்தையே விசாரிக்கிறான். மாதுளையைத் தன் நெற்றியில் நசுக்கிக்கொண்ட அந்தக் கணத்தில் மட்டும்தான் அவனுக்கென்று ஒரு மனம் இருப்பது தெரிகிறது. மன்னிப்பவன் இவ்வளவு தூயவனாக இருக்கும்போது, துரோகம் செய்தவனின் வேதனையே கதையின் முழு இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. துன்பப்பட்டவன் அந்த வேதனைக்கான சந்தர்ப்பமாகச் சுருங்கிப்போகிறான். குற்றவுணர்வை மையமாகக் கொண்ட புனைவுகள் பலவற்றிலும் உள்ள ஆபத்து இது. இதை எழுத்தாளர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

மறுமொழி 3

இயன் மெக்கியூவன் 2001இல் எழுதிய ‘அடோன்மென்ட்’ நாவலை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கும்படி பரிந்துரைக்கிறேன். 1935ஆம் ஆண்டுக் கோடையில் பதிமூன்று வயது பிரியோனி, தான் தெளிவாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லி, அக்காவின் காதலன் ராபியைச் சிறைக்கு அனுப்புகிறாள். அமீர் பார்த்ததை மறைத்தான். இவள் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னாள். அமீருக்குச் சொஹ்ராப் கிடைத்தான், ஹசன் விட்டுச்சென்ற மகனுக்கு ஏதாவது செய்ய வாய்ப்பிருந்தது. பிரியோனிக்கு யாரும் மிஞ்சவில்லை. காதலர்கள் இருவரும் 1940இலேயே இறந்துபோனார்கள் என்பதையும், அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததாக நாம் படித்த பகுதி அவள் எழுதிச் சேர்த்தது என்பதையும் 1999இல் முதியவளாக இருக்கும்போதுதான் நமக்குச் சொல்கிறாள். கதையின் முடிவைத் தீர்மானிப்பவளே தன்னை மன்னிக்கும் அதிகாரத்தையும் வைத்திருந்தால் அந்த மன்னிப்புக்கு மதிப்பேது என்ற கேள்வியை அவளே எழுப்பிக்கொள்கிறாள். அமீரும் எழுத்தாளன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ‘பட்ட விரட்டி’யை மீண்டும் புரட்டினால், ஹசன் ஏன் அவ்வளவு தூயவனாகத் தெரிகிறான் என்பதற்கும் ஒரு விடை கிடைக்கக்கூடும்: நாம் பார்ப்பது குற்றம் செய்தவனின் நினைவில் உள்ள ஹசனை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தோட்டத்தில் செடி நடும் காட்சியை நாங்கள் யாருமே கணக்கில் எடுக்கவில்லை. அதை வட்டத்தில் எடுத்துச்சொல்வேன். இன்னொரு கேள்வி மட்டும் கேட்கிறேன். காபூலில் ஆசெஃபிடம் அடிபட்டு விலா எலும்புகள் முறியும்போது அமீர் சிரிக்கிறான். உடல் நொறுங்கினாலும் மனம் குணமடைந்ததாக உணர்கிறான். குன்றின் மேல் கிடைக்காத அடி இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்துவிட்டது என்பது புரிகிறது. அத்துடன் அவன் கணக்கு தீர்ந்துவிட்டதா? அப்படியானால் அது மிகவும் வசதியான தீர்வாக இருக்கிறதே.

மறுமொழி 4

தீரவில்லை என்பதைத்தான் நாவலின் கடைசிப் பகுதி சொல்கிறது என்று நான் படிக்கிறேன். திரைப்படத்துக்கு ஏற்ற அந்தச் சண்டைக் காட்சி பலருக்கு நினைவில் நின்றுவிடுவதால், அதன்பின் வருவது கவனத்தில் தங்குவதில்லை. அமீரின் மேலுதடு நடுவில் கிழிந்து, ஹசனின் பிளவுபட்ட உதட்டைப் போல ஆவதும், ஹசனைப் போலவே சொஹ்ராப் உண்டிவில்லை ஏந்துவதும் எனக்கும் அளவுக்கு மீறிய பொருத்தங்களாகத்தான் தோன்றின. அடி வாங்கியதால் அமீருக்கு ஆறுதல் கிடைத்தது உண்மை. அந்த ஆறுதலால் சொஹ்ராபுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதும் உண்மை.

இஸ்லாமாபாத்தில் நடப்பதைப் பாருங்கள். உன்னை இனி ஒருபோதும் அனாதை இல்லத்தில் விடமாட்டேன் என்று சொஹ்ராபுக்கு அமீர் வாக்குக் கொடுக்கிறான். தத்தெடுப்புச் சட்டத்தின் சிக்கல்களைக் கேட்ட வழக்கறிஞர், சிறுவனைச் சில காலம் அத்தகைய இல்லத்தில் விடுவதே வழி என்று யோசனை சொன்னதும், அந்த வாக்கு ஆட்டம் கண்டுவிடுகிறது. தீய எண்ணம் துளியும் இல்லாமல், களைப்பினாலும் நடைமுறை யோசனையினாலும், மறுபடியும் ஒரு குழந்தையை அமீர் கைவிடுகிறான். அதன் விளைவைக் குளியலறைக் கதவைத் திறந்தபோது காண்கிறான். சொஹ்ராப் உயிர் பிழைத்தாலும் அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு பேசுவதே இல்லை. துணிச்சலாக அடி வாங்கியவன் சாதாரணமான ஒரு வாக்கைக் காப்பாற்றத் தவறுகிறான். பழைய தவற்றுக்காக வருந்துவதும் அதே தவற்றைத் திரும்பச் செய்யாமலிருப்பதும் வெவ்வேறு திறமைகள். ஹுசைனி இந்த இடத்தில் தன் நாயகனை எளிதில் தப்பவிடவில்லை.

ரஹீம் கானின் கடிதத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். பாபா ஏழைகளுக்குக் கொடுத்ததும் அனாதை இல்லம் கட்டியதும் தன் குற்றவுணர்விலிருந்து பிறந்தவை என்று அவர் எழுதுகிறார். ஹசனைத் தன் மகன் என்று சொல்லாத பாவத்தோடு ஊரெல்லாம் நன்மை செய்தவர் அந்த மனிதர். அந்த நன்மைகள் பொய்யல்ல; ஆனால் அவற்றில் ஒன்றுகூட ஹசனுக்குத் தந்தையின் பெயரைக் கொடுக்கவில்லை. ஆக, அந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு இரகசியக் குற்றவாளிகள் இருந்திருக்கிறார்கள். இருவரும் ஒரே மனிதனுக்குக் கடன்பட்டவர்கள், இருவரும் அதை நேராகத் திருப்பிக் கொடுக்காதவர்கள். கடிகாரக் காட்சியில் பாபா ஏன் அவ்வளவு எளிதாக மன்னித்தார், அவர்கள் போவதாகச் சொன்னபோது ஏன் கதறி அழுதார் என்பதெல்லாம் கடிதத்தைப் படித்தபின்தான் பொருள்படுகின்றன.

அமீர் தந்தையைக் கடந்து போகும் இடம் எது என்று கேட்டால், சிறிய காட்சிகளைத்தான் சுட்டிக்காட்டுவேன். காபூலுக்குப் போகும் வழியில், உணவுக்கே வழியில்லாத குடும்பம் ஒன்று அவனுக்கு விருந்தளிக்கிறது. மறுநாள் காலை யாரும் பார்க்காத நேரத்தில் அவர்கள் வீட்டு மெத்தைக்கு அடியில் ஒரு கைப்பிடிப் பணத்தை வைத்துவிட்டுப் புறப்படுகிறான். அன்று பழி சுமத்தச் செய்த அதே கைவேலை. அதேபோல, திருமணத்துக்கு முன்பே தன் கடந்தகாலத்தைத் தயங்காமல் சொல்லிவிட்ட சொராயாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், பதினைந்து ஆண்டு இல்லறத்துக்குப் பிறகு பாகிஸ்தானிலிருந்து தொலைபேசியில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்கிறான்.

ஆயினும் எனக்கு முக்கியமாகப் படுவது அமீர் குடியேறியிருக்கும் கலிஃபோர்னியாவில் நடக்கும் இரவு விருந்து. சொராயாவின் தந்தையான தளபதி, வீட்டில் ஒரு ஹசாராப் பையன் இருப்பதற்குச் சமூகத்திடம் என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார். அவர் பெரியவர், மாமனார், பஷ்தூன் மரியாதையின் உருவமாக வாழ்பவர். அமீர் நிதானமாக, என் தந்தை தன் வேலைக்காரரின் மனைவியோடு கூடியவர், அவர்களுக்குப் பிறந்த மகனின் பெயர் ஹசன், அவன் இறந்துவிட்டான், இவன் அவனுடைய மகன், என் தம்பியின் பிள்ளை என்று சொல்கிறான். இனி என் முன்னால் இவனை ஹசாராப் பையன் என்று சொல்லாதீர்கள், இவனுக்குப் பெயர் உண்டு, அது சொஹ்ராப் என்றும் சொல்கிறான்.

மறுமொழி 2இல் எழுதியவரின் குறை நியாயமானது, இரத்த உறவு இங்கும் வாதத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனாலும் சந்தில் அவனை ஓடவைத்த சொல் எதுவோ, அதே சொல்லைத்தான் இந்த மேசையில் அவன் தடுத்து நிறுத்துகிறான். தனக்காக எழுந்து நிற்கத் தெரியாத பையன் என்று பாபா யாரைப் பற்றிச் சொன்னாரோ, அவன் இங்கே ஒரு பெரியவரின் முகத்துக்கு நேராகப் பேசுகிறான். அடி விழவில்லை, இரத்தம் சிந்தவில்லை, பேச்சு மட்டும்தான் நடக்கிறது. அந்தச் சண்டையை நம்பாத உங்கள் நண்பர்களும் இந்த மேசைக் காட்சியை நம்புவார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் இதை உரக்கப் படித்துப் பாருங்கள்.